கெட்டிமேளத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செம்பூர்ல இருக்கேன், கல்யாணமாகி திருநெல்வேலி பக்கத்துல இருந்து மும்பைக்கு வந்து 16 வருஷம் ஆச்சு. நம்ம தமிழ்ச் சங்கங்க, கோயில் கமிட்டிங்க, ஊர்க்காரங்க நடத்துற விழா அழைப்பெல்லாம் உங்க பேப்பர்ல போடுறீங்க, அதப் பாத்துத்தான் எங்க போகலாம், எங்க வேண்டாம்னு நாங்க முடிவு பண்ணுவோம். அந்த அழைப்புல, எப்ப பெரிய சத்தம் வரும், அமைதியா உக்கார இடம் எங்கன்னு கூட ரெண்டு வரி சேக்கச் சொல்லி கேக்கத்தான் இந்த லெட்டர். ஏன்னு சொல்லணும்னா எங்க வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்லியாகணும், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவளுக்கு 13, ஸ்கூலுக்குப் போறா. சின்னவனுக்கு 10, அவனுக்கு ஆட்டிசம் இருக்கு, அதோட சத்தம், வெளிச்சம், வாசனை, மேல துணி உரசுறது இதெல்லாம் நமக்கு வர்ற மாதிரி அவனுக்கு வராது, பல மடங்கா வரும். சட்டைக் காலர்ல இருக்கிற லேபிள வெட்டி எடுக்காம ஒரு சட்டைய அவனுக்குப் போட முடியாது. ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரு ஸ்கூல்ல படிச்சான், படிச்சான்னு சொல்ல முடியாது, உக்காந்துட்டு வந்தான். ஒவ்வொரு பீரியடுக்கும் பெல் அடிக்கும், அடிச்சதும் பெஞ்சுக்கு அடியில போயிடுவான், டீச்சர் டயரில எழுதுறது ஒண்ணே ஒண்ணு, எழுத மாட்டேங்குறான், கவனிக்க மாட்டேங்குறான். அடுத்த பெல் எப்ப அடிக்குமோன்னு உடம்பு பூரா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளை எப்படிங்க எழுதும். இது எனக்குப் புரியவே ஒன்றரை வருஷம் ஆச்சு, அந்த ஒன்றரை வருஷமும் நானும் அவனத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன், அத நெனச்சா இன்னைக்கும் நெஞ்சு வலிக்குது.

அப்புறம் நிறுத்திட்டு வீட்டுலயே சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சோம். வீட்டுல வெச்சு படிக்க வெக்கலாமா, சட்டம் விடுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்தது, 2012ல அதுல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, பல குறைபாடு சேந்து இருக்கிற பிள்ளைங்க, தீவிரமான குறைபாடு இருக்கிற பிள்ளைங்க வீட்டுலயே கல்வி வேணும்னு கேக்கலாம்னு அதுல இருக்கு. என்ஐஓஎஸ்னு சொல்ற தேசிய திறந்தநிலைப் பள்ளில 3, 5, 8ம் கிளாஸுக்குச் சமமா மூணு லெவல் இருக்கு, 14 வயசானா பத்தாவது எழுதலாம். அதப் பத்தி தனியா ஒரு லெட்டரே எழுதலாம், இப்ப வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேற. வீட்டுல படிக்கிறான்னு சொன்னாலே வீட்டுக்குள்ளயே கிடக்கிற பிள்ளைன்னு நெனச்சுக்குறாங்க. எங்கள மாதிரி ஒன் பிஹெச்கேல இருக்கிறவங்களுக்கு வெளிய போறது சாப்பாடு மாதிரிங்க, ஸ்கூல் போற பிள்ளைக்கு கிரவுண்டு இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, இவனுக்கு நாங்க கூட்டிட்டுப் போனாத்தான் உலகம். ஆனா ஒவ்வொரு தடவ கெளம்பும்போதும் பயந்துக்கிட்டேதான் கெளம்புறோம்.

சத்தம் அதிகமா இருக்கிறது வேற, சத்தம் திடீர்னு வர்றது வேற. இத நான் கத்துக்கிட்டது எங்க பில்டிங்குக்குப் பின்னாடி இருக்கிற மாவு சக்கில, நம்ம ஊர்ல மாவு மில்லுன்னு சொல்வோமே அது. கோதுமை அரைக்கப் போகணும், வீட்டுல யாரும் இல்ல, வேற வழியில்லாம அவனையும் கூட்டிட்டுப் போனேன், அங்க மெஷின் ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது, இன்னைக்கு என்ன நடக்கப் போகுதோன்னு நெனச்சுக்கிட்டே போறேன், இவன் நேரா மெஷின் பக்கத்துல போயி அந்தத் தகரத்து மேல உள்ளங்கைய வெச்சுக்கிட்டு கண்ண மூடி நிக்கிறான். மாவு வந்து விழுற துணிக்கு கீழ ஒரு கைய நீட்டுறான், அப்பத்தான் அரைச்ச மாவு சூடா இருக்கும்ல, அந்தச் சூடு பட்டதும் சிரிக்கிறான். சக்கிக்கார அண்ணன் ஒண்ணும் கேக்கல, ஒரு பிடி மாவ எடுத்து அவன் கையில போட்டார். அன்னைல இருந்து வாரம் ஒரு தடவ சக்கி, எங்க முதல் அவுட்டிங் அதுதான், ஒரு கிலோ கோதுமையாவது தூக்கிட்டுப் போயிடுவோம்.

இதே பிள்ளைதான் வீட்டுல குக்கர் விசில் அடிச்சா பாத்ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்குவான்.

தெரபிஸ்ட் மேடத்துக்கிட்ட இத சொன்னப்ப அவங்க நல்லா விளக்குனாங்க. நாம சின்ன வயசுல படிச்சது அஞ்சு புலன்தான், கண்ணு காது மூக்கு நாக்கு தோல். அதுக்கு மேலயும் இருக்கு, உள்காதுல இருந்துக்கிட்டு நாம சாயுறோமா சுத்துறோமான்னு சொல்ற ஒண்ணு, தசையிலயும் மூட்டுலயும் இருந்துக்கிட்டு கை எங்க இருக்கு, எவ்வளவு அழுத்துறோம்னு சொல்ற ஒண்ணு. அமெரிக்காவுல ஜீன் அயர்ஸ்னு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகள செய்யப் பழக்குற சிகிச்சை குடுக்கிறவங்க, இந்த ரெண்டும் பிள்ளைங்க படிப்போட எப்படி சேந்து வருதுன்னு பல வருஷம் வேலை பாத்து 1972ல புத்தகமாவே எழுதுனாங்களாம். சக்கில ஒரே சீரா வர்ற சத்தம், அதோட கை வழியா எலும்பு வரைக்கும் போற அதிர்வு, அடுத்து என்ன வரும்னு அவனுக்குத் தெரியும், அதனால உடம்பு இறங்கி வருது. விசில் அப்படி இல்ல, எப்ப வரும்னு தெரியாது. 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் ஆட்டிசத்துக்கான அறிகுறிகள்ல இந்த உணர்வு விஷயத்தையும் சேத்தாங்கன்னும் மேடம் சொன்னாங்க, அதுக்கு முன்னாடி வளர்ந்த எத்தன பிள்ளைங்க வெறும் பிடிவாதம்னு பேர் வாங்கி அடி வாங்கியிருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன். தெரபி பண்ணா எல்லாம் மாறிடும்னு நான் சொல்ல வரல, அப்படி சொல்லி காசு வாங்குறவங்களையும் பாத்திருக்கேன்.

குக்கருக்கு நாங்க செஞ்சது இதுதான். வெயிட்ட அவன் கையில குடுத்தோம். அவனே போடுவான், அவனே ஆவி வர்றதப் பாப்பான், லேசா உஸ்ஸுன்னு ஆரம்பிச்சதும் ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு எண்ணுவான், மூணு விசில் ஆனதும் கேஸ ஆஃப் பண்ணச் சொல்லி என் முந்தானையப் பிடிச்சு இழுப்பான். நாலு மாசம் ஆச்சு, இப்ப பாத்ரூமுக்கு ஓடுறதில்ல.

வீட்டுல விளையாட்டுக்குன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணத் தேவையில்லன்னு மத்த அம்மாமாருக்கு சொல்ல ஆசப்படுறேன். ஆன்லைன்ல சென்சரி கிட்னு தொட்டு விளையாடுற சாமான் வெச்ச ஒரு டப்பாவ விலை சொல்லி விக்கிறாங்க, நம்ம அடுக்களையில அதவிட அதிகமா இருக்கு. ஒரு தாம்பாளத்துல ரவைய பரப்பி வெச்சேன், முதல் வாரம் ஸ்பூனால தொட்டான், ரெண்டாவது வாரம் ஒரு விரல் நுனி, தொட்டதும் டவல்ல தொடச்சுக்குவான், நான் ஒண்ணுமே சொல்லாம பக்கத்துல உக்காந்து என் பாட்டுக்கு கோடு போட்டுக்கிட்டு இருந்தேன், மூணாவது வாரம் உள்ளங்கையப் பதிச்சு ஒரு தடவ இழுத்தான். அந்தக் கை அடையாளத்த கலைக்க மனசில்லாம தாம்பாளத்த அப்படியே பீரோ மேல எடுத்து வெச்சேன். இப்ப சப்பாத்தி மாவு பிசையுறது, முறுக்கு பிழியுறது, தண்ணிக் குடத்த தள்ளிட்டு வர்றது எல்லாம் அவன் வேலை, தசைக்கு நல்லா அழுத்தம் குடுக்கிற வேலை முடிஞ்சா அடுத்த ஒரு மணி நேரம் பிள்ளை நிதானமா இருப்பான். தூளி இன்னும் நல்லது. என் மாமியாரோட பழைய காட்டன் சேலைய ஹால்ல கொக்கி போட்டுக் கட்டியிருக்கோம், அதுக்குள்ள சுருண்டு படுத்துக்குவான், சேலை நாலு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆட்டமும் இருக்கும். பத்து வயசுப் பையனுக்கு தூளியான்னு வர்றவங்க கேப்பாங்க, கேட்டுட்டுப் போகட்டும். கொக்கி தாங்குமான்னு என் வீட்டுக்காரர் அவரே முதல்ல தொங்கிப் பாத்துட்டுத்தான் பிள்ளைய ஏத்துனார், கட்டுறவங்க இத கட்டாயம் பாருங்க, தூளில இருக்கும்போது தனியாவும் விடாதீங்க.

இன்னொரு எச்சரிக்கை, கலர் கலரா வாட்டர் பீட்ஸ்னு விக்கிறாங்களே, தண்ணில போட்டா ஊதி பெருசாகுற அந்த உருண்டை, அத வாங்கவே வாங்காதீங்க. பிள்ளை ஒண்ண முழுங்கிட்டா குடலுக்குள்ள போயி ஊதி அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். அந்த வழுவழுப்புதான் வேணும்னா ஜவ்வரிசிய வேக வெச்சு ஆறவிட்டுக் குடுங்க, வாயில போட்டாலும் வெந்த ஜவ்வரிசிதான், பக்கத்துல மட்டும் உக்காந்துக்கோங்க.

வெளிய போறதுக்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. எங்கயாவது கெளம்பணும்னா அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தூளி, இல்லன்னா மாவு. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு 108 படி, ஏறி முடிக்கும்போது காலு தசையெல்லாம் நல்லா வேலை செஞ்சிருக்கும், மேல போயி அமைதியா உக்காந்துக்குவான், அந்தப் படிதான் அவனுக்கு மருந்துன்னு என் மாமியார் சொல்வாங்க. பூஜை நேரமா பாத்து போகாம நடுவுல கூட்டம் இல்லாத நேரமா போவோம். அப்புறம் தாராவிக்குப் பக்கத்துல மகாராஷ்டிரா நேச்சர் பார்க். ஒரு காலத்துல ஊரே குப்பை கொட்டுன இடம் அது, இப்ப 37 ஏக்கர் மரம். வெளிய ரோட்டுல அவ்வளவு ஹாரன், உள்ள கொஞ்ச தூரம் நடந்துட்டா இலை மேல நம்ம கால் மிதிக்கிற சத்தம்தான். இவன் மரப்பட்டைய ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே போவான், சொரசொரப்பா இருந்தா நின்னு கன்னத்த வெச்சுப் பாப்பான்.

ஜூஹூ கடலுக்கு போறதுன்னா தண்ணி வத்துற நேரம் பாத்துத்தான் போவோம், தண்ணி உள்வாங்கினா மண்ணு அகலமா கெட்டியா கிடக்கும், கூட்டம் இருந்தாலும் தள்ளி நிக்க இடம் கெடைக்கும். அந்த நேரம் தினம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால என்னைக்கு விடியக்காலைல வத்தும்னு காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன். முதல்ல காஞ்ச மண்ணு, அப்புறம் ஈர மண்ணு, கடைசியாத்தான் தண்ணி, ஒவ்வொண்ணுக்கும் அவன் ரெடின்னு காலால தட்டிக் காட்டணும். மழைக்காலத்துல மட்டும் வெறுங்காலோட விடுறதில்ல, நீலக் கலர்ல கொட்டுற, ஜெல்லி மீன் மாதிரி ஒண்ணு கரையொதுங்கும்.

டிரெயின் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், சக்கி மாதிரியே சீரான சத்தம், கால் வழியா அதிர்வு. பிளாட்பாரத்துல வர்ற ஹாரனும் அனவுன்ஸ்மென்டும்தான் கஷ்டம், அதுக்கு ஹெட்ஃபோன் போட்டுக்குவான். காலைல 11 மணிக்கு மேல ஹார்பர் லைன்ல லேடீஸ் டப்பால, அதான் பொம்பளைங்க பெட்டில, ஏறுவோம். பையன் 12 வயசுக்குள்ள இருந்தாத்தான் லேடீஸ் டப்பால ஏறலாம்னு ரயில்வே சட்டத்துல இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் ஜெனரல் டப்பா நெரிசல்ல அவன எப்படி கூட்டிட்டுப் போவேன்னு இப்பவே ராத்திரில தூக்கம் வர்றதில்ல. மாற்றுத்திறனாளிங்க டப்பால ஒரு தடவ ஏறுனோம், கை கால் நல்லாத்தான இருக்குன்னு கேட்டு எழுப்பி விட்டாங்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 குறைபாட்டுல ஆட்டிசமும் ஒண்ணு, அத ஓடுற வண்டில நின்னுக்கிட்டு யாருக்கிட்ட படிச்சுக் காட்டுறது.

இப்ப நம்ம ஆளுங்க விழாவுக்கு வர்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொங்கல் விழா, எந்த சங்கம்னு சொல்ல வேண்டாம், நல்ல மனுஷங்கதான். பெரியவ டான்ஸ் ஆடுறா, மூணாவது பாட்டு, ரெண்டு மாசமா ப்ராக்டிஸ். 5 மணிக்கு ஆரம்பம்னு போட்டிருந்தாங்க, சின்னவன தூளில ஆட்டி, ஹெட்ஃபோன், தொப்பி, தயிர் சாதம், அவனோட ஸ்பூன் எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனோம். ஆறே காலுக்கு கூட ஆரம்பிக்கல, தண்ணி குடிக்க ஹெட்ஃபோன கழட்டுனான், அந்த நேரம் பாத்து மைக்க சோதிக்கிறேன்னு ஒருத்தர் ஆன் பண்ணார், அது கீய்ய்னு கத்துச்சு. பிள்ளை தரையில விழுந்துட்டான், காத அடிச்சுக்கிறான், அலறுறான். இது அடம் இல்லங்க. அடம் பிடிக்கிற பிள்ளை நாம பாக்குறோமான்னு ஓரக்கண்ணால பாக்கும், கேட்டது கெடைச்சா நிறுத்தும். இது உடம்பு தாங்க முடியாம உடையுறது, அதுக்கு மெல்ட்டவுன்னு சொல்வாங்க, அவனே நெனச்சாலும் நிறுத்த முடியாது. பின்னாடி இருந்து ஒரு அக்கா, ரெண்டு சாத்து சாத்துனா சரியாப் போகும்னாங்க. இன்னொருத்தர், ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுல வெச்சு செல்லம் குடுத்தா இப்படித்தான்னாரு. என் வீட்டுக்காரருக்கு அன்னைக்கு நைட் ஷிஃப்ட், நான் மட்டும்தான். அவனத் தூக்கிட்டு மாடிப்படிக்கு வெளிய வந்து உக்காந்துட்டேன், முதுக அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம். உள்ள மூணாவது பாட்டு ஓடி முடிஞ்சது எனக்கு சுவத்து வழியா கேட்டுச்சு. பெரியவ மேக்கப்போட ஓடி வந்து, அம்மா நீ பாத்தியான்னு கேட்டா. நான் பாக்கலன்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாம தம்பியோட ஹெட்ஃபோன எடுத்து பைக்குள்ள வெச்சா. அந்தப் பிள்ளை முகம் என் கண்ண விட்டுப் போகல.

போன வருஷம் சயான்ல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். கல்யாணம்னாலே கெட்டிமேளம் இருக்கே, அதவிட திடீர் சத்தம் ஒண்ணு உண்டா, நாங்க வரலன்னு சொல்லிட்டேன். என் மதினி கேக்கல, நான் தவில்காரர்கிட்ட பேசுறேன், நீ வான்னாங்க. போனோம். மேளம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அந்தத் தவில்காரர் அவரா எங்ககிட்ட வந்தார், ஊர்ல இருந்து வந்தவர், வயசு அறுபது இருக்கும். அவன் முன்னாடி தரையில உக்காந்து தவில குறுக்க வெச்சு, தொட்டுப் பாருய்யான்னார். அவர் விரல்ல போட்டிருந்த கூட்ட இவன் ஒவ்வொண்ணா தடவிப் பாத்தான், அப்புறம் தவில் தோலு மேல உள்ளங்கைய வெச்சான், அவர் இந்தப் பக்கம் மெதுவா ஒரு தட்டு தட்டுனார். சக்கில நின்ன மாதிரியே கண்ண மூடிட்டான். நான் உன்னப் பாத்து இப்படி தலைய ஆட்டுவேன், அதுக்கப்புறம் பெருசா வாசிப்பேன், சரியான்னு கேட்டார். தாலி கட்டுற நேரம், அத்தன கூட்டத்துலயும் அவர் மறக்காம எங்க பக்கம் திரும்பி தலைய ஆட்டுனார், இவன் அவனே ஹெட்ஃபோன எடுத்து மாட்டிக்கிட்டு என் மடியில உக்காந்து கெட்டிமேளம் முடியுற வரைக்கும் பாத்தான். பொறந்ததுல இருந்து அவன் பாத்த முதல் கல்யாணம்.

அதனால நான் யாரையும் மேளம் அடிக்காதீங்க, மைக் வெக்காதீங்கன்னு கேக்கல. ராத்திரி 10 மணிக்கு மேல பொதுவா வெளிய ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதில இருக்கு, அமைதிப் பகுதின்னு அரசு அறிவிச்சா ஸ்கூல், ஆஸ்பத்திரி, கோர்ட்ட சுத்தி 100 மீட்டர் அமைதியா இருக்கணும்னும் இருக்கு, எங்க பிள்ளைக்கு ஸ்கூல் எங்க வீடுதான், அதுக்கு அப்படி ஒரு வட்டம் கிடையாது, அதையும் நான் கேக்கல. எத்தன மணிக்கு என்ன சத்தம்னு முன்னாடியே சொல்லுங்க, சொன்ன நேரத்துக்கு செய்யுங்க, போயி உக்கார ஒரு இடம் குடுங்க, இவ்வளவுதான் கேக்குறேன். கலை, பொழுதுபோக்கு எல்லாத்துலயும் மாற்றுத்திறனாளிங்களுக்குப் பங்கு இருக்கணும்னு 2016 சட்டத்துல 29ம் பிரிவே இருக்கு, ஆனா சட்டத்தக் காட்டி நம்ம சொந்தக்காரங்கள மிரட்ட எனக்கு இஷ்டமில்ல. அந்தத் தவில்காரருக்கு எந்தச் சட்டம் தெரியும்.

அழைப்புல போட வேண்டிய வரிய நானே எழுதிப் பாத்தேன், சங்கத்துக்காரங்க அப்படியே எடுத்துக்கலாம்: மைக் டெஸ்ட் 4 மணிக்கே முடிஞ்சிடும். 5 மணிக்கு நாதஸ்வரம், 5.40க்கு பெரிய மேளம், 6 மணிக்கு டான்ஸ். மேடைக்கு இடது பக்கம் இருக்கிற ரூம்ல ஸ்பீக்கர் கிடையாது, லைட்டு கம்மி, யார் வேணாலும் போயி உக்காரலாம், எப்ப வேணாலும் திரும்பி வரலாம்.

இத நீங்க போட்டீங்கன்னா பொங்கலுக்கு முன்னாடி போடுங்க ஐயா, பெரியவ இந்தத் தடவையும் டான்ஸுக்குப் பேர் குடுத்திருக்கா. என் பேர மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
செம்பூர், மும்பை